கெலோனா வேலைக்கு 12 லட்சம் கட்டலாமா?

கேள்வி: புதுச்சேரியில் கணக்காளராக இருக்கிறேன். கனடாவில் குடியேற மதிப்பெண் போட்டு ஆளெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் என் மதிப்பெண் 440. கனடாவிலிருந்து அழைப்பே வரவில்லை. பிரெஞ்சில் பி1 என்ற இடைநிலை முடித்து, டெல்ஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வின் சான்றிதழ் வைத்திருக்கிறேன். பிரெஞ்சு பேசுவோருக்கான திட்டத்தில் கெலோனா நகரில் வேலைக் கடிதம் வாங்கித் தருவதாக ஒரு முகவர் 12 லட்சம் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: ஒரு பைசா கட்டாதீர்கள். திட்டம் உண்மைதான். 2025 ஜனவரியில் கனடா அறிவித்தது. பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்குக்கு வெளியே ஆறு ஊர்கள், அவற்றில் கெலோனாவும் சட்பரியும் உண்டு. பிரெஞ்சில் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் நான்கிலும் என்சிஎல்சி 5 போதும் (என்சிஎல்சி என்பது பிரெஞ்சுத் திறனுக்குக் கனடா வைத்திருக்கும் அளவுகோல்). கடந்த மூன்று ஆண்டுகளில் ஓராண்டு அனுபவமும் வேண்டும். ஆனால் வேலை தருபவர் அந்த ஊர் அங்கீகரித்த நிறுவனமாக இருக்க வேண்டும். பிறகு ஊரே உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். கெலோனா இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில், வேலை வாங்கித் தருவதற்காகத் தொழிலாளியிடம் காசு வாங்குவதே சட்டவிரோதம். கடிதம் போலியென்று தெரிந்தால் ஐந்தாண்டு தடை விழுவது முகவருக்கல்ல, உங்களுக்கு.

இதைவிட நல்ல வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைத்தான் முகவர் சொல்லவில்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. 2025 மார்ச் 21 சுற்றில் 7,500 பேரை அழைத்தார்கள். கட் ஆஃப் 379. எல்லாச் சுற்றிலும் அவ்வளவு இறங்காது, பிறகு நன்றாகவே ஏறியும் இருக்கிறது. ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள், அது உங்கள் தொழில்தானே. இந்தச் சுற்றுக்கு நான்கு திறனிலும் என்சிஎல்சி 7 வேண்டும்; அதை எடுத்தால் கூடுதல் மதிப்பெண் 50, இரண்டாம் மொழிக்கு 12. உங்கள் 440 அப்போது 502. இதற்கு வேலைக் கடிதம் தேவையில்லை, இந்த ஊரில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கியூபெக் மட்டும் கூடாது.

பி1-இலிருந்து 7-க்கு, அதாவது ஏறத்தாழ பி2-க்கு, ஏறுவது விளையாட்டல்ல. பெரும்பாலும் சறுக்குவது எழுத்தில். தினமும் இரண்டு மணி நேரம் என்றாலும் மாதக்கணக்கில் ஆகும். இன்னொன்று: டெல்ஃப் சான்றிதழைக் குடியேற்றத் துறை ஏற்காது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வை எழுத வேண்டும். தேர்வு முடிவு இரண்டாண்டுக்கே செல்லும். ஆகவே பயிற்சி முடியும் தறுவாயில் தேர்வுத் தேதி வாங்குங்கள்.

இடையில் 5 மட்டுமே வந்தால் கெலோனா வழி அப்படியேதான் இருக்கும். அங்கீகரித்த நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து நீங்களே நேரடியாக விண்ணப்பியுங்கள். முகவரிடம் நிறுவனத்தின் பெயரையும், கனடா ஆலோசகர் உரிம எண்ணையும் கேட்டுப் பாருங்கள். பதில் வரும் வேகத்திலேயே விஷயம் புரிந்துவிடும்.