நமக்கு எந்த கலர் எடுக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

துணி நிறம் பற்றிக் கேட்டு எழுதியவர்கள் நிறையப் பேர். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, இந்த முறை இவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

நான் நல்ல கருப்பு. சின்ன வயசுல இருந்தே அம்மா எனக்கு சந்தன கலர், பிஸ்கட் கலர்னுதான் எடுப்பாங்க. "அடிக்கிற கலர் போட்டா இன்னும் கருப்பா தெரிவே"ன்னு சொல்வாங்க. எனக்கு ராணி பிங்க் போட ஆசை. போடலாமா? (கல்லூரி மாணவி, அம்மாப்பேட்டை)

போடுங்கள். நாளைக்கே போடுங்கள்.

துணி வெளுப்பாக இருந்தால் முகமும் வெளுப்பாகத் தெரியும் என்பது அம்மாவின் கணக்கு. அங்கேதான் பிசகுகிறது. கண் எந்த நிறத்தையும் தனியாகப் பார்ப்பதில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கும். பாரிஸில் கோப்லான் என்ற நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் செவ்ரல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கலாக இருக்கிறது என்று அவரிடம் புகார் போயிற்று. நூலைச் சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை அமுக்கியிருந்தன. அதிலிருந்து தொடங்கி ஆராய்ந்து 1839-இல் ஒரு பெரிய புத்தகமே போட்டார். அந்தக் கறுப்பு நூலின் இடத்தில் உங்கள் முகத்தை வைத்துப் பாருங்கள்.

சந்தனமும் பிஸ்கட்டும் என்ன? பழுப்பில் வெள்ளை கலந்தவை. உங்கள் தோல் நிறமும் பழுப்புக் குடும்பம்தான். உங்கள் நிறத்தையே தண்ணீர் விட்டு நீர்க்க வைத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்ட மாதிரி ஆகிவிடுகிறது. முகம் சாம்பல் பூத்துத் தெரியும். ராணி பிங்க், வாடாமல்லி, மயில் கழுத்து, எம்.எஸ். புளூ, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை எல்லாம் அப்படியில்லை. அடர்ந்த மேனிதான் அவற்றைத் தாங்கும். என்னைப் போன்ற அரைகுறை மாநிறத்துக்காரி கிளிப்பச்சை கட்டினால் சேலை முதலில் வரும், நான் பின்னால் வருவேன்.

வெளிர் நிறமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சுத்தமான வெள்ளை உங்களுக்கு அருமையாக இருக்கும், இளம் எலுமிச்சையும் அப்படியே. ‘டஸ்டி’ என்று பெயர் வைத்து விற்கிறார்களே, சாம்பல் கலந்த ரோஸ், சாம்பல் கலந்த ஊதா, அவற்றை மட்டும் தள்ளி வையுங்கள்.

"கருப்புக்கு கலர் எடுக்காது" என்று இனி யாராவது சொன்னால் அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கருங்கல் அம்மனுக்கு அரக்குப் பட்டு சார்த்தியிருப்பதைக் காட்டுங்கள்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா தெரிஞ்சா வார்ம், நீலமா தெரிஞ்சா கூல்னு வீடியோல சொல்றாங்க. எனக்கு நரம்பே தெரியலைங்க. மலைக்கு வேலைக்கு வந்த ரெண்டு வருஷத்துல முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம்னு வேற ஆயிடுச்சு. எதை வெச்சு முடிவு பண்றது? (காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுபவர், ஏற்காடு)

நரம்புச் சோதனையை நான் யாருக்கும் சொல்வதே இல்லை. மெலனின் என்ற நிறமி கூடுதலாக உள்ள தோலில் நரம்பு மறைந்துதான் இருக்கும். தெரிந்தாலும் ஒரே கையில் மணிக்கட்டுப் பக்கம் பச்சையாகவும் முழங்கைப் பக்கம் நீலமாகவும் தெரிகிறது. வெளுத்த தோல்காரர்களுக்கு வசதியான சோதனை, நமக்கு எதற்கு?

மேல்நிறம் வேறு, உள்நிறம் வேறு. மெலனினின் பழுப்பு, தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு, கரோட்டினின் மஞ்சள் எல்லாம் கலந்துதான் ஒருவரின் நிறம். அந்தக் கலவை தேன், மஞ்சள் பக்கம் சாய்ந்தால் வார்ம் என்கிறார்கள். ரோஸ், நீலம் பக்கம் சாய்ந்தால் கூல். நடுவில் நிற்பவர்களும் உண்டு. கருப்பு என்றால் கூல், சிவப்பு என்றால் வார்ம் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஒரே வீட்டில் அக்கா தங்கைக்கே மாறும்.

ஏற்காட்டில் குளிர்கிறது என்பதற்காக வெயில் சும்மா விடும் என்று நினைக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நீங்கள் இருப்பது சுமார் 1500 மீட்டரில். அதனால் கையைப் பார்க்காதீர்கள், தாடைக்குக் கீழே கழுத்தைப் பாருங்கள். வெயிலில் மேல்நிறம் கறுக்கும், உள்நிறம் பெரிதாக மாறாது.

எங்கள் அப்பா சேலத்தில் குகை என்ற பகுதியில் சாயப் பட்டறை வைத்திருந்தார். தொட்டியிலிருந்து தூக்கிய நூலைப் பட்டறைக்குள் வைத்து நிறம் பார்க்கவே மாட்டார். ஓர் இழையைப் பிழிந்து, ஊதிக் காயவைத்து, வாசல் திண்ணையில் நேர் வெயில் விழாத மூலையில் நின்று மாதிரி நூலோடு சேர்த்துப் பிடிப்பார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை. அப்புறம்தான் "ம்" என்பார். நான் சொல்லும் சோதனையும் அதே திண்ணைச் சோதனைதான்.

காலை 9, 10 மணிக்கு, பவுடர் இல்லாத முகத்தோடு, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, வெயில் நேராகப் படாத சன்னலோரம் உட்காருங்கள். போட்டிருக்கும் உடையை வெள்ளைத் துண்டால் மூடிவிடுங்கள். இரண்டு சிவப்புத் துணி வேண்டும். ஒன்று தக்காளிச் சிவப்பு, மஞ்சள் கலந்தது. இன்னொன்று பீட்ரூட் சிவப்பு, நீலம் கலந்தது. தாடைக்குக் கீழே மாற்றி மாற்றிப் பிடியுங்கள். எல்லோரும் செய்யும் தப்பு, துணியைப் பார்ப்பது. துணியைப் பார்க்கக் கூடாது. கண்ணுக்குக் கீழே உள்ள கருவளையத்தையும் வாயோரத்தையும் பாருங்கள். ஒத்துவரும் துணியில் அவை அமுங்கும். ஒத்துவராத துணியில் முதலில் கண்ணில் படுவதே அவைதான். தக்காளி ஜெயித்தால் வார்ம், பீட்ரூட் ஜெயித்தால் கூல், இரண்டும் ஒன்றுதான் என்றால் நீங்கள் கொடுத்து வைத்தவர்.

பனிமூட்டம் இறங்கிய நாளில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்த வெளிச்சத்தில் எல்லா முகமும் நீலம் பாரித்துத்தான் தெரியும்.

போன் ஆப் என்னை ‘டீப் ஆட்டம்’னு சொல்லுது. என் தோழிக்கும் அதேதான் வந்தது. ஆனா எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கலர் ஒத்துவரலையே? (அஸ்தம்பட்டி)

‘ஆட்டம்’ என்றால் இங்கே இலையுதிர் காலம். பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பாடம் எடுத்த இட்டன் என்ற ஓவியர் நிறங்களை நான்கு பருவங்களோடு சேர்த்துப் பார்த்தார். மாணவர்கள் தங்களுக்குப் பிடித்தபடி சேர்க்கும் நிறங்களில் அவரவர் தோல், முடியின் சாயல் இருப்பதையும் கவனித்தார். 1980-களில் அமெரிக்காவில் அந்தச் சிந்தனை உடைக்கு வந்து பெரிய அலையாக அடித்தது. முடி பொன்னிறமா, செம்பட்டையா, கண் நீலமா, பச்சையா என்று பார்த்துப் பிரிப்பது அந்த முறை. நம் வீட்டில் பாட்டி முதல் பேத்தி வரை கருமுடி, கருவிழி. எல்லோரையும் கொண்டுபோய் ஒன்றிரண்டு பெட்டிக்குள் போட்டுவிடும். போதாததற்கு செல்ஃபி கேமரா முகத்தைத் தானாகவே வெளுப்பாக்கி வைத்திருக்கும். ஆப் பார்த்தது உங்களை அல்ல.

எனக்குத் தங்கமா, வெள்ளியா? (கொண்டலாம்பட்டி)

தக்காளிச் சிவப்பு ஜெயித்தால் காதுக்குத் தங்கம், பீட்ரூட் ஜெயித்தால் வெள்ளி. அடர்ந்த நிறத்துக்கு, கறுப்பேற்றிய வெள்ளி இன்னும் எடுப்பு. கொலுசுக்கு இதெல்லாம் பார்க்க வேண்டாம், காலுக்கும் முகத்துக்கும் ஐந்தடி தூரம். கொலுசுக்குப் போய் நிறம் பார்க்கச் சொன்னால் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

இளம்பிள்ளையில சாஃப்ட் சில்க் எடுத்தேன். கடையில அப்படி இருந்தது. வீட்டுல கட்டினா முகம் டல்லடிக்குது. 3,800 ரூபாய். என்ன பண்றது? (எடப்பாடி)

எனக்கும் நடந்தது. ஒரு கடையில் பாட்டில் பச்சை என்று ஆசையாக எடுத்து வந்தேன். வீட்டு வாசலில் பிரித்தால் புளிக்கரைசல் நிறம். "விற்ற பொருள் மாற்றப்படாது" என்று பில்லில் அச்சடித்திருந்தது. பட்டுப் பிரிவில் மஞ்சள் விளக்கு போட்டால் ஜரிகை தகதகக்கும். 3000 கெல்வின் விளக்கு அது. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு, எண் குறைந்தால் மஞ்சள் அடிக்கும். பகல் வெளிச்சம் 5500, 6500 பக்கம். அந்த வித்தியாசத்தில் பச்சை பழுப்பாகும், ஊதா அரக்காகும். இப்போதெல்லாம் நான் சேலையோடு கடை வாசலுக்கு நடந்துவிடுவேன். கடைப் பையன் பின்னாலேயே வருவான், வரட்டும்.

உங்கள் சேலையைக் காப்பாற்ற வழி இருக்கிறது. சேலையில் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது எது? மடிப்பும் கரையும் கீழே எங்கேயோ கிடக்கின்றன. கழுத்தை ஒட்டி இருப்பது ஜாக்கெட்டும் தோளில் ஏறும் முந்தானையும்தான். சுடிதார் போடுபவருக்கு இந்த வசதி இல்லை. ஆக, ஜாக்கெட்டை மாற்றுங்கள். சேலையோடு வந்த துண்டில்தான் தைக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எந்த நிறத்தில் தைப்பது? உங்கள் சேலை நிழல் அடிக்கும் இரட்டை நிறமாக இருந்தால் நீளவாக்கில் போகும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே போகும் ஊடை நூல் ஒரு நிறம் ஓடியிருக்கும். முந்தி ஓரத்தில் முடிச்சுப் போடாமல் தொங்கும் நூலைப் பிரித்துப் பாருங்கள். அது பாவு நூல், ஊடை கலக்காமல் தன் சொந்த நிறத்தில் இருக்கும். அதைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். ஒத்துவந்தால் ஜாக்கெட் அந்த நிறம். வராவிட்டால் மடிப்பில் எட்டிப் பார்க்கும் இன்னொரு நிறம். இரண்டுமே உதவாது என்றால் ஜரிகை நிறத்தில் தைத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

வைகாசியில கல்யாணம். நான் மாநிறம். வெண்பட்டு வேட்டிக்கு பளீர் வெள்ளைச் சட்டை எடுக்கவா? (மாப்பிள்ளை, ஓமலூர்)

எடுக்காதீர்கள் தம்பி. சேலம் வெண்பட்டு என்று புவிசார் குறியீடு வாங்கிய துணியை நம் ஊரிலேயே இந்தப் பாடு படுத்துகிறோம்.

வெண்பட்டின் வெண்மை பால் ஏட்டின் வெண்மை. பசை நீக்கிய பட்டு நூலுக்கே உரிய, துளி மஞ்சள் கலந்த வெள்ளை. கடையில் தொங்கும் பளீர் சட்டையில் இருப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி அனுப்பும் ரசாயனம் அதில் ஏற்றியிருப்பார்கள். வெயிலில் போய் நின்றால் நீலம் அடிக்கும். அதை வெண்பட்டுக்கு மேலே போட்டால் வேட்டி அழுக்கு மாதிரி ஆகிவிடும், பாரிஸில் கறுப்பு நூலுக்கு நடந்த கதைதான். மாநிற முகத்துக்குப் பட்டின் இளமஞ்சள் வெள்ளையே இதமாக இருக்கும். சட்டையையும் அதே பட்டில் தைத்துக்கொள்ளுங்கள். பட்டு இழை ஒளியை வாங்கி முகத்துக்கே திருப்பிக் கொடுக்கும். முகூர்த்த நேரத்துப் போட்டோவில் வித்தியாசம் தெரியும். அப்புறம், யாராவது அந்த வேட்டியைத் துவைக்கிறேன் என்று சொட்டு நீலத்தில் முக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்கு முன்னாடி ஏற்காட்டுல போட்டோ ஷூட். போட்டோகிராபர் ரெண்டு பேரையும் வெள்ளை, ஸ்கை புளூல வரச் சொல்றார். (மேட்டூர்)

அவர் பார்த்த மாதிரிப் படம் ஏதோ கடற்கரையில் எடுத்ததாக இருக்கும். ஏற்காட்டில் மூடுபனி வந்தால் பின்னணி முழுக்க வெள்ளைச் சாம்பல். அதில் வெள்ளையும் ஸ்கை புளூவும் கரைந்து போகும், இரண்டு தலைகள் மட்டும் மிதக்கும். அரக்கு, கடுகு மஞ்சள், செங்கல் நிறம், நாவல்பழ நிறம் கொண்டு போங்கள்.

காபித் தோட்டத்துக்குள் எடுப்பதானால் இன்னொரு சங்கதி. சில்வர் ஓக் நிழலில் வெளிச்சம் இலை வழியாக வடிந்து இறங்கும், முகத்தில் பச்சை தட்டும். அங்கே பச்சை உடை போட்டால் தாடையும் பச்சையாகிவிடும். பகோடா பாயிண்ட் மாதிரி திறந்த இடத்தில் இந்தத் தொல்லை இல்லை. 20 கொண்டை ஊசி வளைவு ஏறியதும் முகம் வெளிறியிருக்கும், அரை மணி நேரம் டீ குடித்துவிட்டு ஆரம்பியுங்கள். இது நிற ஆலோசனை இல்லை, அனுபவம்.

வயசு 61. முடி முக்கால்வாசி நரைச்சாச்சு, சாயம் போடறதில்லை. முன்னாடி ஒத்துவந்த கருப்பு, காபி கலர் எல்லாம் இப்ப கட்டினா சோர்ந்து தெரியறேன். (ஓய்வு பெற்ற ஆசிரியை, அழகாபுரம்)

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள் டீச்சர். கருமுடி முகத்துக்குச் சட்டம் போட்ட மாதிரி இருந்தது. இப்போது சட்டம் வெள்ளி ஆகிவிட்டது, படத்தையும் அதற்குத் தகுந்த மாதிரி மாற்ற வேண்டும். கறுப்புக்குப் பதில் கருநீலம், காபிக்குப் பதில் அரக்கு அல்லது வெங்காயத் தோல் நிறம். கத்திரிப்பூ நிறம் நரை முடிக்கு அவ்வளவு அழகு. "வயசுக்குத் தகுந்த மாதிரி வெளிர் கலர் கட்டும்மா" என்று மகள் சொன்னால் கேட்காதீர்கள்.

மஞ்சள் எனக்கு ஆகவே ஆகாது. ஆடியில கோட்டை மாரியம்மன் கோயிலுக்கு மஞ்சள்தான் கட்டணும்னு வேண்டுதல். தப்பிக்க வழி உண்டா? (கிச்சிப்பாளையம்)

எந்த மஞ்சள் ஆகாது? உங்களுக்கு எலுமிச்சை மஞ்சள் ஒத்துவந்திருக்காது. அதில் துளி பச்சை உண்டு, தேன் சாயல் முகத்தை நோயாளி ஆக்கிவிடும். பீட்ரூட் சிவப்பு ஒத்துவருபவர்களுக்கு அதே எலுமிச்சை நன்றாக இருக்கும், கடுகு மஞ்சள்தான் காலை வாரும். ஆரஞ்சு பக்கம் சாய்ந்த மாம்பழ மஞ்சள் நான் பார்த்தவரை முக்கால்வாசிப் பேரிடம் தோற்றதில்லை. எதற்கும் துணிக்கடையில் மூன்று மஞ்சளையும் வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

மூன்றும் சரிவரவில்லை என்றால் சேலை மஞ்சள், ஜாக்கெட் அரக்குச் சிவப்பு. மாரியம்மனுக்கு இரண்டுமே பிடித்த நிறம்தானே.