கண்ணுக்குத் தெரியாத 10 நானோமீட்டர்

கேள்வி: பாலிமர் சோலார் செல்லில் வெளிச்சத்தை உறிஞ்சுவது நடுவில் இருக்கும் பாலிமர் கலவைதானே? அதற்கும் மின்முனைக்கும் நடுவே இன்னொரு பூச்சு எதற்கு? அதனால் திறன் எப்படிக் கூடும்?
- எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி, திருச்சி

பதில்: உறிஞ்சுவது கலவைதான். ஆனால் எலெக்ட்ரான் ஒரு பக்கமும் துளை (எலெக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) மறுபக்கமுமாக வெளியேறினால்தான் மின்சாரம். இரு மின்முனைகளின் வெளியேற்று ஆற்றலும் (ஒரு பரப்பிலிருந்து எலெக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவைப்படும் ஆற்றல், work function) நெருங்கியிருந்தால் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். தப்பான முனைக்குப் போனவை அங்கேயே இணைந்து வீணாகும், வோல்டேஜும் குறையும்.

பழைய அமைப்பில் ஐடிஓ கண்ணாடியின் (மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சுள்ள கண்ணாடி) மேல் பெடாட்-பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமரைப் பூசுவோம். கருநீலத் திரவம், கண்ணாடியை ஓசோன் பெட்டியில் வைத்து எடுக்காவிட்டால் பரவாமல் திரண்டு நிற்கும். துளைகளை நன்றாகவே சேகரிக்கும், ஆனால் அமிலம், ஐடிஓவையே அரிக்கும். மறுபக்கம் எலெக்ட்ரான் சேகரிக்கக் கால்சியம் வைத்தால் ஈரக்காற்று பட்டதும் போச்சு.

என் மாணவர்களுக்கு நான் எப்போதும் காட்டுவது, 2012-இல் குவாங்சோவில் தென் சீனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யோங் சாவ் குழு செய்த செல். அந்த இரண்டையும் விட்டுவிட்டு, செல்லைத் தலைகீழாக அமைத்தார்கள். ஐடிஓவின் மேல் பிஎஃப்என் என்ற பாலிமர், சுமார் 10 நானோமீட்டர். மெத்தனாலில் துளி அசிட்டிக் அமிலம் சேர்த்துக் கரைத்து, சுழற்றிப் பூசுவது. காய்ந்தபின் கண்ணாடியை எப்படிச் சாய்த்துப் பார்த்தாலும் பூசியதே தெரியாது. ஆனால் அதன் அமைன் தொகுதிகள் பரப்பில் ஓர் இருமுனை அடுக்கை (நேர், எதிர் மின்னூட்டங்கள் எதிரெதிரே நிற்கும் அடுக்கு) உண்டாக்கி வெளியேற்று ஆற்றலை இறக்கிவிடுகின்றன. துளை சேகரித்த ஐடிஓ இப்போது எலெக்ட்ரான் சேகரிக்கும். மேலே பூசும் கலவையின் கரைப்பானான குளோரோபென்சீனில் பிஎஃப்என் கரையாது என்பதால் படலமும் கலையாது. எதிர்ப்பக்கம் துளை சேகரிக்க மாலிப்டினம் ஆக்சைடும் அலுமினியமும்.

பிடிபி7 என்ற உறிஞ்சும் பாலிமரோடு கிடைத்த சான்றளிக்கப்பட்ட திறன் 9.2 சதவீதம். அதே பிடிபி7 2010-இல் தந்தது 7.4. வித்தியாசம் முழுவதும் பூச்சால் வந்தது என்று சொல்ல மாட்டேன், தலைகீழ் அமைப்பில் கலவை உறிஞ்சும் வெளிச்சமும் கூடுகிறது. இருந்தாலும் உறிஞ்சும் பாலிமர் அதேதான் என்பதை மறக்காதீர்கள். எல்லோரும் புதுப் பாலிமர் தேடி ஓடும்போது இந்தப் பரப்பைக் கவனிக்க ஆள் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, தடிமனாகப் பூசினால் இன்னும் நல்லதா? இல்லை. பிஎஃப்என் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, தடிமன் ஏறினால் ஃபில் ஃபாக்டர் (செல்லின் உச்ச வோல்டேஜ், மின்னோட்டப் பெருக்கத்தில் எவ்வளவு பங்கு பயன்படக் கிடைக்கிறது என்ற விகிதம்) சரியும்.

ப்ராஜெக்ட் செய்ய எண்ணமிருந்தால், பிஎஃப்என் செய்யும் அதே வேலைக்குப் பயன்படும் துத்தநாக ஆக்சைடில் தொடங்குங்கள். துத்தநாக அசிடேட் கரைசலைப் பூசிக் காற்றிலேயே சூடாக்கி எடுக்கலாம். ஆனால் கலவையில் எலெக்ட்ரானை ஏற்க, ஃபுல்லரின் (கார்பன் கூண்டு மூலக்கூறு) அல்லாத புதிய பொருட்களோடு சேர்த்தால், புற ஊதா ஒளியில் அது அவற்றைச் சிதைக்கும். புற ஊதா வடிகட்டி வைத்தும் வைக்காமலும் அளந்து பாருங்கள்.