அந்தப் பாதியில் என் மகள் எந்தப் பாதி?

வாசகர் கேள்விகள்: குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் பதில்

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 52 நாள் ஆகிறது. கண் மஞ்சளாக இருக்கிறது, மலம் வெளுத்துப் போகிறது. பித்தக்குழாய் அடைப்பு, கஸாய் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். பலன் பாதிக்குப் பாதி என்றும் சொன்னார்கள். அந்தப் பாதியில் என் மகள் எந்தப் பாதி என்று முன்பே சொல்ல முடியாதா? பலிக்காது என்றால் நேராகக் கல்லீரல் மாற்றே செய்துவிடலாமே என்கிறார் என் கணவர்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு தாய்)

பதில்: கடிதம் கிடைத்த அன்றே அந்த அம்மாவுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன்: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள். இதழ் அச்சாகி வரும்வரை பொறுக்கிற நோய் இல்லை இது. அவருடைய கேள்வியைப் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்காக இங்கே கொஞ்சம் விரிவாக.

கல்லீரலுக்கு வெளியே உள்ள பித்தக்குழாய் தழும்பாகி மூடிக்கொள்கிறது. பித்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கி ஈரலைக் கெடுக்கிறது. ஜப்பானிய மருத்துவர் மோரியோ கஸாய் 1950-களில் இதற்கு ஒரு வழி கண்டார். தழும்பான குழாயை வெட்டி எடுத்துவிட்டு, ஈரலின் வாயிலிலேயே சிறுகுடலை இணைத்துத் தைப்பது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய நாளங்கள் அங்கே திறந்திருந்தால் பித்தம் குடலுக்குள் வடியும்.

வடியுமா என்று முன்பே ஊகிக்கச் சில தடயங்கள் உண்டு. முதலாவது, குழந்தையின் வயது. 60 நாளுக்குள் செய்தால் நல்லது, 30, 45 நாளில் செய்தால் இன்னும் நல்லது. 61-ஆம் நாளில் கதவு மூடிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்புறம், பித்தக்குழாய் எந்த அளவுக்கு மூடியிருக்கிறது என்பது. ஈரலின் வாயில் வரை மூடிப்போன வகைதான் மிக அதிகம், அதுதான் கடினமானதும். மண்ணீரல் பலவாகப் பிரிந்தோ இல்லாமலோ பிறக்கும் குழந்தைகளுக்கு இந்த நோயும் சேர்ந்து வந்தால் பலன் குறைகிறது. ஈரல் ஏற்கெனவே எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை பயாப்சியும் (ஈரலில் இருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது) ஸ்கேனும் ஓரளவு காட்டும்.

பெற்றோர் கேட்கத் தயங்குகிற ஒன்றும் இருக்கிறது: செய்கிறவரின் பழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1999 முதல் இந்த ஆபரேஷனை மூன்றே மருத்துவமனைகளில் மட்டும் செய்கிறார்கள். அடிக்கடி செய்கிற கைகளிடம் பலன் கூடுகிறது என்று கண்டுதான் அப்படி மாற்றினார்கள். ஆகவே 'வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் இந்தத் தடயங்கள் எல்லாம் நூறு குழந்தைகளைப் பற்றிப் பேசும், உங்கள் ஒரு குழந்தையைப் பற்றி வாயைத் திறக்காது. மாதம் ஒன்று முடிந்ததுமே வந்து, ஈரல் மிருதுவாக இருந்தும் பித்தம் வடியாத குழந்தைகள் உண்டு. தாமதமாக வந்தும் மஞ்சள் முழுக்கத் தெளிந்த குழந்தைகளும் உண்டு. அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் எந்தப் பெற்றோருக்கும் நான் சதவீதத்தைத் தீர்ப்பு மாதிரிச் சொல்வதில்லை.

நம்பகமான தடயம் பிறகுதான் கிடைக்கிறது. ஆபரேஷன் முடிந்த முதல் மூன்று மாதத்துக்குள் ரத்தத்தில் மொத்த பிலிரூபின் (மஞ்சள் நிறத்தைத் தரும் பொருள்) டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குகிறதா என்று பார்க்கிறோம். வட அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அப்படி இறங்கிய குழந்தைகளில் 86 சதவீதம் இரண்டு வயதிலும் தங்கள் சொந்த ஈரலோடு இருந்தார்கள். இறங்காதவர்களில் அது 20 சதவீதம்தான். அதாவது, எந்தப் பாதி என்ற கேள்விக்கு மூன்று மாதத்தில் ஏறக்குறைய விடை வந்துவிடுகிறது. இறங்கவில்லை என்றால் உடனே கல்லீரல் மாற்று செய்யும் குழுவிடம் அனுப்ப வேண்டும். அங்கேயும் தாமதம் கூடாது.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பெற்றோரில் ஒருவரின் ஈரலில் இடப்பக்கச் சிறு பகுதியை எடுத்து வைப்பது 1989 முதல் நடக்கிறது, பலனும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு மாதக் குழந்தையின் ரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. வளர்ந்து எடை கூடிய பிறகு செய்வது பாதுகாப்பு. மாற்று செய்தால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் பல வருடங்களுக்குத் தேவைப்படும். கஸாய் பலித்தால் பல வருடம் கிடைக்கும், பலிக்காவிட்டாலும் மாற்று செய்யும் வழி அடைபடுவதில்லை. வயிற்றில் நீர் கோத்து, ஈரல் முழுக்க இறுகிய பிறகு வருகிற குழந்தைக்கு மட்டும் நேராக மாற்று செய்ய யோசிப்போம். 52 நாள் குழந்தைக்கு முதலில் கஸாய் என்பதே என் கருத்து.

கேள்வி: பேத்திக்கு ஆபரேஷன் ஆகி நான்கு மாதம். மஞ்சள் தெளிந்துவிட்டது, மலமும் நிறமாகப் போகிறது. மருந்துகளை நிறுத்தலாமா, டாக்டர்?
(ஒரு பாட்டி)

பதில்: மலம் நிறமாகப் போவது மிக நல்ல செய்தி, பாட்டியம்மா. ஆனால் நிறுத்தாதீர்கள். பித்தம் ஒழுங்காக வடியாத குழந்தைக்கு ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேராது. கே குறைந்தால் ரத்தம் உறையாமல் மூளையில்கூடக் கசியலாம். எப்போது குறைப்பது என்று ரத்தப் பரிசோதனை பார்த்து உங்கள் டாக்டர் சொல்லட்டும். இன்னொன்று: காய்ச்சல் வந்தால் 'சளிக் காய்ச்சல்தானே' என்று வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டாம். குடலில் இருந்து கிருமி மேலேறிப் பித்த நாளங்களைத் தாக்கியிருக்கலாம். காய்ச்சலோடு மலம் மறுபடி வெளுத்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். ஒவ்வொரு தாக்குதலும் நன்றாக வேலை செய்கிற ஈரலைக் கொஞ்சம் தேய்க்கிறது. மஞ்சள் தெளிந்த பிள்ளைகளுக்கும் ஈரல் மெல்ல இறுகிக்கொண்டே போகலாம், மண்ணீரல் வீங்கலாம். அதனால் பெரியவளான பிறகும் பரிசோதனை தொடர வேண்டும்.

கேள்வி: மகனுக்கு 20 நாள். மஞ்சள் போகவில்லை. தாய்ப்பாலால் வருவது, தானாகப் போய்விடும் என்கிறார்கள். காத்திருக்கலாமா?
(ஓர் இளம் தந்தை)

பதில்: தாய்ப்பாலால் இருக்கலாம். ஆனால் அதை ஊகித்து முடிவுகட்டக் கூடாது. இரண்டு வாரம் தாண்டிய மஞ்சளுக்கு ரத்தத்தில் டைரக்ட் பிலிரூபின் (பித்தம் வடியாதபோது கூடுகிற பிலிரூபின் வகை) பார்த்தே ஆக வேண்டும். அது டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினால் குழந்தைகள் ஈரல் மருத்துவரிடம் உடனே போக வேண்டும். மகனின் மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சுண்ணாம்பு வெள்ளையாகவோ களிமண் நிறமாகவோ இருந்தால் ஒரு படம் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கிளம்புங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.