மே மாத ஐரிஸ் தோட்டங்கள்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஒரிகான் மாநிலத்தில், வில்லமெட் பள்ளத்தாக்கின் ஐரிஸ் தோட்டங்களுக்குக் குழுவாகக் கிளம்புகிறவர்கள் கேட்டவை. பேச்சு முழுக்கத் தாடி ஐரிஸ் பற்றித்தான்: கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி, கீழிதழ்களில் தாடி மாதிரி மயிர்க்கற்றை இருக்கும்.

பாலா, பீவர்டன்: மெமோரியல் டே (மே கடைசித் திங்கள்) லீவுல போனா பூ இருக்குமா? உச்சம் எப்போங்க?

இருக்கும். ஆனால் சில வருடங்களில் உச்சம் அதற்குள் தாண்டிவிடும். ஐரிஸ் தேதி பார்த்துப் பூப்பதில்லை. ரகம் ரகமாக, ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். 41 செ.மீ.க்குள் நிற்கும் குட்டை ரகங்கள் ஏப்ரலிலேயே முடிந்துவிடும். அடுத்து 70 செ.மீ. வரையிலான இடைத்தர ரகங்கள். அதற்கு மேல் வளரும் நெட்டை ரகங்கள்தான் எல்லோரும் பார்க்க வருவது. அவை மே நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். மொட்டுகள் அடுத்தடுத்து விரிவதால் தண்டு இரண்டு வாரம் வரை ஓடும்.

வெயில் 30 டிகிரியைத் தாண்டினால் அத்தனையும் அவசரமாக விரிந்து வாடும். குளிர்ந்த மே என்றால் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதனால் தோட்டத்தாரைக் கேட்டுவிட்டு நாளை முடிவு செய்யுங்கள். முதல் நாள் கனமழை பெய்திருந்தால் ஒரு நாள் விட்டுப் போங்கள். தண்ணீர் ஏறிய பூவின் கனத்தில் தண்டுகள் சாய்ந்து கிடக்கும்.

செல்வி, போர்ட்லண்ட்: எட்டு பேர் போறோம். ஒரே நாளில் எத்தனை தோட்டம் பார்க்கலாம்?

இரண்டு போதும். மூன்றாவது தோட்டத்தில் கண்ணுக்கு எல்லாம் ஊதாவாகத்தான் தெரியும். முதல் தோட்டத்துக்குக் காலை 9 மணிக்கே போய்விடுங்கள். சேலத்துக்கு (ஒரிகான் சேலம்தான்!) வடக்கே உள்ள ஷ்ரைனர்ஸ் தோட்டம் முதல்முறை போகிறவர்களுக்குச் சரியான இடம். 1925-இல் மின்னசோட்டாவில் தொடங்கி, 1940-களில் இங்கே வந்த குடும்பப் பண்ணை. பூக்கும் காலத்தில் காட்சித் தோட்டம் திறந்திருக்கும்.

முதல் சுற்றில் யாரும் எதையும் குறிக்க வேண்டாம், சும்மா நடங்கள். இரண்டாம் சுற்றில் ஆளுக்குப் பத்துப் பெயர், தனித்தனியாக, ஒருவர் நோட்டை ஒருவர் பார்க்காமல். சாப்பாட்டு வேளையில் ஒப்பிடுங்கள். நாலு பேர் நோட்டில் ஒரே பெயர் இருந்தால் அந்தச் செடியை மறுபடி போய்ப் பாருங்கள்.

முரளி, சியாட்டல்: அங்கே மயங்கி வாங்கின ரகம் வீட்டில் சுமாரா இருக்கு. எதைப் பார்த்து வாங்கணும்?

பூவைப் பார்த்து மயங்குவது சுலபம். பார்க்க வேண்டியது தண்டை. நெட்டை ரகத்தில் ஒரு தண்டுக்கு ஏழு மொட்டாவது இருக்க வேண்டும். விரிந்த பூ, காய்ந்த பூ, வரப்போகும் மொட்டு எல்லாவற்றையும் சேர்த்து எண்ணுங்கள். கிளைகள் தண்டை விட்டு விலகி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். ஒட்டி நின்றால் பூக்கள் ஒன்றையொன்று இடித்து நசுங்கும். குச்சி முட்டுக் கொடுத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வாங்குமுன், நட்டு மூன்று வருடமாகிப் பரவிய தூரைத் தேடிப் பாருங்கள். புதிதாக நட்ட ஒற்றைக் கிழங்கு எதையும் சொல்லாது. 'டஸ்கி சேலஞ்சர்' 1986-இல் பதிவான பழைய ரகம், 1992-இல் அமெரிக்காவில் ஐரிஸுக்குத் தரும் உயரிய விருதான டைக்ஸ் பதக்கம் வாங்கியது. அதன் முதிர்ந்த தூர் ஒன்றைப் பார்த்துவிட்டால், கரும் ஊதாவில் புதுசாக வருவதை எதோடு ஒப்பிடுவது என்று புரியும்.

கவிதா, யூஜீன்: வாடின பூவைக் கிள்ளி எடுக்கலாமா? போட்டோ அசிங்கமா வருது.

தொடவே தொடாதீர்கள். வாடிய பூவுக்குப் பின்னால், அதே உறைக்குள், அடுத்த மொட்டு ஒளிந்திருக்கும். இழுத்தால் அதுவும் கூடவே ஒடிந்து வரும். பூவுக்கடியில் சின்னச் சீட்டுக் கட்டியிருந்தால் அது மகரந்தச் சேர்க்கை செய்த பூ. விதை, நாற்று, தேர்வு என்று பல வருட உழைப்பு அதில் தொங்குகிறது. இன்னொன்று, கருநிறப் பூ வாடினால் மை மாதிரிச் சாறு சொட்டும். வெள்ளைச் சட்டை, வெளிர் நிறச் சேலை வேண்டாம்.

படம் எடுக்கும்போது முதலில் பெயர்ப்பலகை, பிறகு முழுத்தூர், தண்டு, கடைசியாகப் பூ. இந்த வரிசையை விட்டால் வீட்டுக்கு வந்து எது எதுவென்று தெரியாது. உச்சி வெயிலில் நீலம் ஊதாவாகப் பதியும், மேகமூட்டம்தான் நல்லது. பலகையில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருந்தால் அது இன்னும் பதிவாகாத நாற்று, உருவாக்கியவரைக் கேட்காமல் படத்தைப் பகிராதீர்கள்.

ஜெயந்தி, எடிசன்: நியூ ஜெர்சியில் பக்கத்தில் ஏதாவது?

அப்பர் மாண்ட்கிளேரில் பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டம், 1927-இல் அமைத்தது. மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பாருங்கள். வீட்டில் நடுவதென்றால் உங்கள் பக்கம் ஐரிஸ் துளைப்பான் புழு உண்டு, இலை வழியே இறங்கிக் கிழங்கைக் குடையும். பழைய இலைச்சருகில்தான் முட்டை குளிர்காலத்தைக் கழிக்கும். அதனால் இலையுதிர் காலத்திலேயே சருகை அகற்றிவிடுங்கள்.

பாலா மறுபடி: ஆர்டர் பண்ணினா எப்போ வரும்? சென்னையில் அம்மாவுக்கும் ரெண்டு கிழங்கு எடுத்துட்டுப் போகலாமா?

ஜூலைக்கும் செப்டம்பருக்கும் இடையில் வரும். நல்ல வெயில் இடம், 45 செ.மீ. இடைவெளி. கிழங்கின் முதுகு வெளியே தெரியும்படி நடுங்கள். ஆழப் புதைத்தால் அழுகும், அல்லது இலையோடு நின்றுவிடும். மூடாக்கும் போடக் கூடாது.

சென்னைக்கு வேண்டாம். இந்தியாவுக்குள் கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கட்டாயம். அதெல்லாம் வாங்கிவிட்டாலும் இந்தக் கிழங்குக்கு மொட்டு உருவாகக் குளிர் வேண்டும். சென்னையின் மார்கழிக் குளிர் அதற்குப் போதாது, ஐப்பசி மழையில் அழுகிவிடும். அம்மாவுக்குப் படத்தை அனுப்புங்கள், பலகையோடு.