தப்பான பதிலும் பதில்தான்

வணக்கம் நண்பரே. நிரல் எழுதுபவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில், பைத்தான் நிரல்மொழி பற்றிய ஒரு பதில் தப்பு என்று நன்றாகத் தெரிந்துதான் 'இது பதிலே அல்ல' என்று ஃபிளாக் செய்தேன் (தளத்துக்குப் புகார் கொடுத்தேன்), ஏன் நிராகரித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் அந்த ஃபிளாக், பதில் சரியா தப்பா என்று சொல்வதற்கானது அல்ல. கேட்ட கேள்விக்கு விடை சொல்லும் முயற்சி அதில் இருக்கிறதா என்பதை மட்டுமே அங்கே பார்ப்பார்கள்.

நீங்கள் காட்டிய பதிலையே எடுத்துக்கொள்வோம். லிஸ்டில், அதாவது பட்டியலில், இருக்கும் 2-களை நீக்க, அதே லிஸ்டின் மேல் ஃபார் லூப் (ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கும் சுழற்சி) ஓட்டி ரிமூவ் செய்யச் சொல்கிறார் அதை எழுதியவர். [1, 2, 2, 3] கொடுத்தால் ஒரு 2 தப்பித்து உள்ளேயே நின்றுவிடும். முதல் 2 போனதும் அடுத்தது அதன் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது, லூப் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. தப்புதான், ஆனாலும் அது பதில். இதற்கு எதிர்வாக்கு போடுங்கள். உங்கள் கணக்கில் 1 புள்ளி குறையும், பரவாயில்லை. அதோடு, இந்த உதாரணத்தையே கீழே கருத்தாக எழுதுங்கள். அடுத்து வந்து படிப்பவருக்கு வெறும் வாக்கைவிட அதுதான் ரொம்ப உதவும்.

'எனக்கும் இதே பிரச்சினை', 'நன்றி' மாதிரி வருபவற்றைத் தயங்காமல் ஃபிளாக் செய்யலாம். விளக்கமே இல்லாமல் வெறும் லிங்க் மட்டும் இருந்தாலும் அப்படித்தான், அந்தப் பக்கம் போய்விட்டால் மிச்சம் ஒன்றும் இருக்காது.

அப்புறம், சரளமான நடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். சாட்ஜிபிடி எழுதிய பதில்களை 2022 டிசம்பரில் அந்தத் தளம் தடை செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்: பார்க்க நன்றாக இருந்தன, பல தப்பாக இருந்தன. நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டே வாக்களியுங்கள்.