ஏழாம் நாள் தாண்டிருச்சு, ஒரு ஆட்டுக்குத்தான் பணம் இருக்கு, அகீகா (புள்ள பிறந்ததுக்காக ஆடு அறுக்கறது) கொடுக்கலாமா?

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எங்களுக்கு மொத ஆம்பளப் புள்ள, குறைமாசத்துல பிறந்ததால ஏழாவது நாள் ஆஸ்பத்திரியிலயே கழிஞ்சிருச்சு. இப்ப 40 நாள் ஆகுது, கையில ஒரு ஆட்டுக்குத்தான் பணம் இருக்கு. மாமி, கடன் வாங்கியாவது ரெண்டு ஆடு அறுத்து சொந்தக்காரங்கள கூப்பிட்டு விருந்து வைக்கணும், பெத்தவங்க அந்தக் கறிய வாயில வைக்கக் கூடாதுங்கறாங்க. என்ன செய்யட்டும்?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம் சகோதரி. புள்ளைக்கு அல்லாஹ் நல்ல ஆரோக்கியத்தக் கொடுக்கட்டும். கடன் வாங்காதீங்க, அந்த ஒரு ஆட்டையே அறுங்க, நீங்களும் சாப்பிடுங்க.

ஏழாம் நாள் விஷயம் நபித்தோழர் சமுரா (ரலி) அறிவிக்கற ஹதீஸ்ல (நபிமொழியில) இருக்கு, அபூதாவூத், திர்மிதிங்கற ஹதீஸ் தொகுப்பு ரெண்டுலயும் வருது: ஒவ்வொரு குழந்தையும் அதோட அகீகாவுக்கு அடைமானம், ஏழாவது நாள் அறுத்து, தலைமுடி எடுத்து, பேர் வைக்கணும்னு. அதனால அந்த நாள்தான் சிறப்பு. ஆனா தவறிட்டா பாவம்னு அதுல இல்ல, அகீகாவே ஷாஃபிஈ மத்ஹபுல (மார்க்கச் சட்டப் பிரிவுல) வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி), ஹனஃபி மத்ஹபுல விரும்பத்தக்கது, இந்த ரெண்டு மத்ஹபுலயும் கடமைன்னு சொல்லல. ஏழாம் நாள் தவறினா 14, 21ன்னு நாள் சொல்ற அறிவிப்புல பலவீனம் இருக்குன்னு ஹதீஸ் அறிஞர்கள் பலர் சொல்லியிருக்காங்க, ஷாஃபிஈல புள்ள பருவம் அடையற வரைக்கும் தகப்பனுக்கு அவகாசம் இருக்கு. அதனால நாளப் போட்டு மனசக் குழப்பிக்காம வசதிப்பட்ட நாள்ல செய்ங்க.

இன்னும் பிறக்கப் போற புள்ளைக்காக இதப் படிக்கிறவங்க ஒண்ணு கவனிச்சுக்கங்க, பிறந்த நாளையும் சேர்த்துத்தான் பெரும்பாலான அறிஞர்கள் எண்றாங்க, வெள்ளிக்கிழமை பகல்ல பிறந்தா வர்ற வியாழன்தான் ஏழாவது, அன்னிக்கு மஃரிப் (சூரியன் மறையற நேரம்) ஆனதுக்கு அப்புறம் பிறந்தா அடுத்த நாள்ல இருந்து கணக்கு, அதாவது அடுத்த வெள்ளிதான் ஏழாவது.

எத்தனை ஆடுங்கறதுக்கு உம்மு குர்ஸ் (ரலி) அறிவிக்கற ஹதீஸ்தான் அடிப்படை, பையனுக்கு ரெண்டு, பொண்ணுக்கு ஒண்ணு, கிடாவா இருந்தாலும் பெட்டையா இருந்தாலும் பரவால்ல. அதேசமயம் நபி (ஸல்) தன் பேரன்மார் ஹஸன், ஹுஸைன் ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு கிடா கொடுத்தாங்கன்னு இப்னு அப்பாஸ் (ரலி) சொன்னது அபூதாவூத்ல இருக்கு (நஸாயீ அறிவிப்புல ரெண்டு ரெண்டுன்னு வருது). மாலிகி மத்ஹபுல பையனுக்கும் ஒண்ணுதான். அதனால முடியாதவங்க ஒண்ணு கொடுத்தா அகீகா நிறைவேறிரும், பின்னாடி கை தாராளமானா இன்னொண்ணு கொடுத்துக்கலாம். மாமிகிட்ட சண்டை போடாம பேரன்மார் விஷயத்தையே பக்குவமா எடுத்துச் சொல்லுங்க, அவங்களும் புள்ள மேல உள்ள பாசத்துலதான சொல்றாங்க.

விருந்து நிபந்தனையே கிடையாது. எனக்கு இதுலதான் ரொம்ப வருத்தம், ஆட்டுக்கு ஆகற செலவ விட மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகற செலவப் பாத்து பயந்து எத்தனையோ பேர் அகீகாவையே வருஷக்கணக்குல தள்ளிப் போடறாங்க, ஏழைக்குப் போய்ச் சேர வேண்டிய கறியும் போகாம புள்ளைக்கான சுன்னத்தும் நடக்காம நிக்குது. கறிய சமைச்சும் கொடுக்கலாம், பச்சையாவும் கொடுக்கலாம், வீட்டுக்கு கொஞ்சம், சொந்தத்துக்கு கொஞ்சம், ஏழைக்கு கொஞ்சம்னு பிரிச்சா அழகு. பெத்தவங்க, தாத்தா, பாட்டி யாரும் சாப்பிடக் கூடாதுங்கறதுக்கு எந்த ஆதாரமும் இல்ல. எலும்ப உடைக்காம மூட்டு மூட்டா பிரிக்கறத சில மத்ஹப்ல விரும்பறாங்க, உடைஞ்சா பாவம்னு பயப்பட வேண்டாம்.

ஆடு வாங்கறப்பதான் உண்மையிலயே கவனம் வேணும், ஏன்னா குர்பானி ஆட்டுக்கு என்ன சட்டமோ அதையேதான் இதுக்கும் சொல்றாங்க. ஹனஃபில வெள்ளாட்டுக்கு 1 வயசு நிறையணும், ஷாஃபிஈல 2 வயசு, செம்மறிக்கு ரெண்டுலயும் கொஞ்சம் சலுகை இருக்கு. விக்கறவர் சொல்ற வயச மட்டும் நம்பாம கீழ் உதட்ட இறக்கிப் பாருங்க, ஆட்டுக்கு முன்பல்லு கீழ மட்டும்தான் இருக்கும், நடுவுல பெருசா ரெண்டு பல்லு முளைச்சு பக்கத்துல பொடிப் பொடியா பால்பல்லு இருந்தா ஒரு வயசு தாண்டியிருக்கும்னு சொல்லலாம், எல்லாமே பொடிப்பல்லுன்னா குட்டின்னு அர்த்தம். அப்புறம் நாலடி நடக்க விட்டுப் பாருங்க, நொண்டல், கண்ணு போனது, நோய் தெரியறது, எலும்புந் தோலுமா இருக்கறது எதுவும் வேண்டாம்.

தலைமுடி எடுத்து அந்த எடைக்கு வெள்ளி ஸதகா (தர்மம்) கொடுக்கறதப் பத்தி திர்மிதில வர்ற செய்தியோட அறிவிப்பாளர் தொடர் முழுமையா இல்லன்னு திர்மிதியே சொல்லியிருக்காரு, ஆனாலும் நிறைய அறிஞர்கள் நல்லதுன்னு ஏத்துக்கிட்டது. அதுல ஹஸன் (ரலி) முடி ஒரு திர்ஹமோ அதுக்குக் கொஞ்சம் கம்மியோ வந்துச்சுன்னு இருக்கு, ஒரு திர்ஹம்னா ஏறக்குறைய 3 கிராம் வெள்ளி, பெரிய செலவில்ல. குறைமாசப் புள்ள இல்லையா, தலைல கத்தி வைக்கற முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க, முடியும் அறுப்பும் ஒரே நாள்லதான் நடக்கணும்னு இல்ல. அறுத்த ரத்தத்த புள்ளையோட தலைல தடவறது ஜாஹிலிய்யா (இஸ்லாத்துக்கு முந்தின) காலத்துப் பழக்கம், அதுக்குப் பதிலா ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) குங்குமப்பூ தடவினாங்கன்னு புரைதா (ரலி) சொல்லியிருக்காங்க.

அறுக்கறவர்கிட்ட கூலிய முன்னாடியே பேசி பணமா கொடுத்துருங்க, தோலையோ கறியையோ கூலியா கழிக்கக் கூடாது, அவருக்கு ஒரு பங்கு கறி அன்பளிப்பா கொடுக்கறது தனி, அது தாராளமா கொடுக்கலாம். அறுக்கறப்ப பிஸ்மில்லாஹ் சொல்லி, இது இன்ன புள்ளையோட அகீகான்னு பேரச் சொல்லச் சொல்லுங்க.