பொம்மனஹள்ளிக்கு வரப்போகும் தங்கச்சிக்கு

அரூரிலிருந்து கார்மெண்ட்ஸ் வேலைக்கு பெங்களூர் வரலாமா, வாடகை எவ்வளவு, கன்னடம் தெரியாமல் சமாளிக்க முடியுமா, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ஒழுங்காகக் கட்டுவார்களா என்று கேட்டிருக்கிறாய். வாடகையை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்து மாத அட்வான்ஸ் என்பார்கள், பேசிக் குறைத்துக்கொள். கன்னடம் தையல் லைனில் உட்கார்ந்தால் தானாக வரும். நான் வந்த புதிதில் சூப்பர்வைசர் திட்டுவதுகூடப் புரியாது. இப்போது கன்னடத்திலேயே திருப்பிக் கொடுக்கிறேன்.

பி.எஃப். கேள்விக்கு வருகிறேன், ஆனால் அதைச் சம்பளக் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் சம்பளத்தை முடிவு செய்வது முதலாளியும் அரசும் மட்டும் இல்லை. எந்த நாடு எவ்வளவு துணி ஏற்றுமதி செய்யலாம் என்று கட்டுப்படுத்திய உலக ஜவுளி கோட்டா 2005 ஜனவரியில் முடிந்ததிலிருந்து, எங்கே மலிவோ அங்கே ஆர்டர். வங்கதேசத்துச் சட்டை ஐரோப்பாவுக்குள் வரியில்லாமல் போய்க்கொண்டிருந்தது, நம்முடையது வரி கட்டிப் போனது. அந்த வித்தியாசத்தை நம் கூலியிலும் டார்கெட்டிலும் பிடிப்பார்கள். கூலியை ஏற்றினால் ஆர்டர் போய்விடும் என்றால் அரசும் தலையாட்டும்.

விலைவாசிக்கு ஏற்பச் சம்பளத்தில் கூட்டித் தருவது பஞ்சப்படி. 2020 ஏப்ரலில் அது ஏறவேண்டியது மாதம் 417 ரூபாய்ச் சொச்சம். கொரோனாவைச் சொல்லி கர்நாடக அரசே ஒரு வருஷம் தள்ளிவைத்தது. உயர் நீதிமன்றம் கொடுக்கச் சொன்ன பிறகும் பல கம்பெனிகள் அசையவில்லை. வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுகளுக்கு நெருக்கடி போன பிறகு, 2022இல்தான் நிலுவையைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 417 ரூபாய்தானே என்பவர்கள் அதை இங்கே கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் நாலு லட்சம் பேருக்குப் பெருக்கிப் பார்க்கட்டும்.

ஆனால் 2016இல் நடந்தது வேறு. பி.எஃப்.பில் முதலாளி பங்கை 58 வயதுக்கு முன்னால் எடுக்கக்கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஓசூர் ரோட்டை மறித்தோம், பெரும்பாலும் பெண்கள்தான். இரண்டாம் நாளே விதி வாபஸ்! ஏன் அவ்வளவு சீக்கிரம்? அந்தப் பணம் எந்தச் சட்டையின் விலையிலும் ஒரு பைசா ஏற்றாது. பஞ்சப்படி கூடினால் சட்டை விலை ஏறும். என் கணக்கு இதுதான்.

அதனால் உன் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை முதல் மாதமே கேட்டு வாங்கு. பாஸ்புக்கில் அவர்கள் பங்கும் ஏறுகிறதா என்று பார். ஐந்து வருஷம் முடியப் போகும்போது, ராஜினாமா எழுதிக்கொடு, மறுபடி சேர்த்துக்கொள்கிறோம் என்பார்கள். ஐந்து வருஷம் முடித்தால் தரவேண்டிய பணிக்கொடையை, அதாவது கிராஜுவிட்டியை, தட்டிக்கழிக்கத்தான் அது, கையெழுத்துப் போடாதே. பெண்களுக்கான இலவச பஸ்ஸுக்குக் கர்நாடக முகவரி வேண்டும், நம் ஊர் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள்.

ஐ.டி.யில் இருக்கும் நம் ஆட்களிடம் இதையெல்லாம் கேட்காதே. பத்து வருஷம் இருந்தும் ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேசுகிறவர்கள். எங்கள் அடுக்குமாடிப் பக்கம் ஒருவர், 2016 ஏப்ரலில் நாங்கள் ரோட்டை மறித்தபோது சில்க் போர்டு சந்திப்பில் நாலு மணி நேரம் மாட்டிக்கொண்டதை இன்னும் என்னிடமே வந்து புலம்புகிறார்.